சந்தனப் பொட்டு வைத்த எக்கோ மெஷின்

என்னோடு வேலை பார்த்தவர்கள் எனக்கு மனிதர்களையே பிடிக்காது என்று சொல்வார்கள். அது அநியாயம். எனக்கு அரைகுறைகளைத்தான் பிடிக்காது. அரைகுறைகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருடங்களாக எக்கோ டெக்னீஷியனாக இருக்கிறேன். நெஞ்சில் ஜெல் தடவி, கைக்குள் அடங்கும் புரோபை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, அது இதயத்தில் பட்டுத் திரும்புவதைத் திரையில் படமாகப் பிடிப்பது என் வேலை. அந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுத, ஞாயிற்றுக்கிழமை தோறும் மதுரையிலிருந்து ஓர் இதய டாக்டர் வருவார். பத்து மணிக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பது பேரை முடித்துவிட்டு, ஒரு பை நிறைய நண்டோடு காரில் ஏறிவிடுவார். நண்டைப் பொறுக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியைக்கூட ஒரு நோயாளிக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

முதலாளி இந்தச் சென்டரைத் தொடங்குவதற்கு முன்பு சிமெண்ட் வியாபாரம் பார்த்தவர். ஸ்கேன் அறைக்கு அவர் ஏசி போட்டது மெஷினுக்காக. வரண்டாவில் காத்திருக்கும் நோயாளிகளுக்கு ஒரு ஃபேன், அதுவும் திரும்பாத ஃபேன். மெஷினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் எடைதான். மாடிக்கு ஏற்ற எத்தனை ஆள் தேவைப்பட்டது என்பதை வருகிற எல்லோரிடமும் சொல்வார்.

இவர்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் வேலை தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஆதாரமாக நான் வைத்திருந்தது எட்டு பட்டன்கள்.

ஒலி சதைக்குள் போகப் போகத் தேய்ந்துகொண்டே போகும். தோலுக்குப் பக்கத்தில் பட்டுத் திரும்புவது சத்தமாக வரும். நெஞ்சின் அடி ஆழத்திலிருந்து திரும்புவது முனகலாக வரும். அப்படியே விட்டால் திரையின் மேல்பகுதி சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போய், கீழ்ப்பகுதி இருண்டு கிடக்கும். அதைச் சரிக்கட்டத்தான் மெஷினின் வலது ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எட்டு தள்ளு பட்டன்கள். முதல் பட்டன் மேலாழத்துக்கு, எட்டாவது அடி ஆழத்துக்கு. எந்த ஆழத்து முனகலை எவ்வளவு ஏற்றுவது என்று ஒவ்வொரு நெஞ்சுக்கும் பார்த்துப் பார்த்துத் தள்ள வேண்டும். குறைத்துவிட்டால் இதயத்தில் இருக்கிற சுவர் மறைந்துபோகும். கூட்டிவிட்டால் இல்லாத சுவர் முளைக்கும்.

எனக்கு முன்னால் இருந்த டெக்னீஷியன் எட்டையும் நேர்கோட்டில் வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். குச்சி உடம்புக்காரனுக்கும் அதுதான், வலை இழுத்து இழுத்து நெஞ்சு பலகையாகிப்போன ஆளுக்கும் அதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று செய்த முதல் காரியம் அந்தப் பிளாஸ்திரியைக் கிழித்து எறிந்தது. அதை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு எங்கள் சென்டரில் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ஜெனரேட்டர், கம்ப்யூட்டர், பி.பி. பார்க்கும் கருவி, முதலாளியின் கார், கழிப்பறை மோட்டார், எதுவும் தப்பாது. அந்த வருடம் ரிசப்ஷனில் இருக்கும் பெண் சந்தனக் கிண்ணத்தோடு எக்கோ அறைக்குள் வந்து, புரோபின் முகத்திலேயே பொட்டு வைக்கப் போனாள். ஒரு அதட்டு போட்டேன்.

“அறிவிருக்கா? அது என்ன அம்மிக்கல்லா? குடு இங்க.”

கிண்ணத்தைப் பிடுங்கினேன். திரையில் வைத்தால் கறை படியும், புரோபில் வைத்தால் கெட்டுப்போகும் என்று அவளுக்குப் பாடம் நடத்திவிட்டு, பட்டன்களுக்கு நானே வைத்தேன். ஆயுத பூஜை என்றால் ஆயுதத்துக்குத்தானே? என் ஆயுதம் அதுதான். மோதிர விரலால் எட்டு பட்டனுக்கும் எட்டு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். மேலிருந்து கீழே வரும்போது கிண்ணத்தில் சந்தனம் மீந்திருந்தது. கடைசி மூன்றுக்கும் தாராளமாகவே வைத்தேன். அழகாக இருந்தது. போனில் படம்கூட எடுத்தேன்.

பூஜை விடுமுறை முடிந்து வந்து மேலே தெரிந்ததைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். கீழ்ப் பட்டன்கள் இறுக்கமாக இருந்தன. ஆறாவது பாதி வழியில் நின்றது. எட்டாவது நகரவே இல்லை. படத்தின் அடிப்பகுதி இருட்டாக வந்தது. உடனே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. முதலாளியின் கஞ்சத்தனம். பழைய மெஷின், தேய்ந்த புரோப், புதிது வாங்க மனமில்லாத ஆள். அவரிடம் போய் நின்றேன்.

“புரோப் போச்சு சார். ஆழத்துல ஒண்ணும் தெரியல.”

“நேத்து வரைக்கும் தெரிஞ்சுச்சுல்லம்மா?”

“நேத்து லீவு சார்.”

அவர் வாயை அடைத்துவிட்ட திருப்தியோடு வெளியே வந்தேன். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று எனக்கு உறைக்கவில்லை. சிமெண்ட் வியாபாரி கேட்ட கேள்வி எப்படிச் சரியாக இருக்க முடியும்? சர்வீஸ் ஆளை வரச்சொல்லி அவர் போன் போட்டார். வருகிறேன் வருகிறேன் என்று அவன் இழுத்தடித்துக்கொண்டிருந்தான். அதுவரை ஒட்டுமொத்த வெளிச்சத்தைக் கூட்டிவைத்துச் சமாளித்தேன். ஐப்பசி முழுக்க, கார்த்திகையில் பாதி, அப்படியே ஓடியது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்பனிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கடல்பாசி எடுக்கிறவள். கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து எடுக்கிற வேலை. விரல்நுனிகளெல்லாம் கீறல். மூழ்கி எழுந்தால் படபடப்பு, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றாள். உள்ளூர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, சத்தம் வித்தியாசமாகக் கேட்கிறது என்று எக்கோவுக்கு எழுதியிருந்தார்.

இதயத்தின் நுனியில் புரோபை வைத்துப் பார்க்கும்போது, மேலறைகள் இரண்டும் திரையின் அடியில், ஆழத்தில் தெரியும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் தடுப்புச் சுவர் ஓரிடத்தில் மிக மெல்லியது. நல்ல மெஷினிலேயே அந்த இடம் காணாமல்போய் ஓட்டைபோலத் தெரிவதுண்டு. அதை எக்கோ படிக்கிறவர்களுக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் வயிற்றின் மேட்டில், விலாவுக்குக் கீழே புரோபை அழுத்தி வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பின்னால் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுத்திப் பார்க்கவில்லை.

திரையில் சுவரின் நடுவே இருட்டு.

“ஏ.எஸ்.டி. மாதிரி இருக்கே,” என்றார் டாக்டர்.

ஏ.எஸ்.டி. என்றால் மேலறைச் சுவரில் ஓட்டை. ஆமாம், இருக்கிற மாதிரிதான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு வாதாடுவது என் மரியாதைக்குக் குறைவு என்ற எண்ணம். அவர் அந்தப் பெண்ணிடம், “இதயத்துல ஓட்டை இருக்கும்போலத் தெரியுதும்மா. மதுரைக்கு வாங்க, பெரிய டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம். அதுவரைக்கும் கடல்ல இறங்காதீங்க,” என்றார். ரிப்போர்ட்டில் ‘சந்தேகம், மேற்கொண்டு பரிசோதனை தேவை’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். டாக்டர்கள் ஒளிந்துகொள்வதற்கென்றே உண்டாக்கப்பட்ட சொல் ‘சந்தேகம்’. வாயால் சொன்னதில் ஓட்டை மட்டும்தான் அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது. காகிதத்தில் இருந்த சந்தேகத்தை அவளுக்குப் படித்துக்காட்ட யாரும் இல்லை.

கார்த்திகை நடுவில் ஒருவழியாகச் சர்வீஸ் எஞ்சினியர் வந்து சேர்ந்தான். கோயம்புத்தூர்ப் பையன், வாய்த்துடுக்கு. புரோபைச் சோதித்துவிட்டு, அது நன்றாக இருக்கிறது என்றான். நான் சிரித்தேன். இவனும் ஓர் அரைகுறை என்று நினைத்தேன். அவன் பட்டன்களின் மூடிகளைக் கழற்றினான். உள்ளே இருந்த தடத்தில் மஞ்சளாக, நடுவில் சிவப்புத் துணுக்குகளோடு, காய்ந்து கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. காது குடையும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுரண்டினான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

“மேடம், மெஷினுக்கு அபிஷேகம் பண்ணுனீங்களா?”

ரிசப்ஷன் பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.  

அவன் போனதும் மெஷினில் ஏறியிருந்த பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். பாம்பன்காரியின் படம் வந்தது. அது ஓட்டை இல்லை, சந்தனம். பூஜை நாளிலிருந்து அன்று வரை வந்தவர்களின் பெயரும் நம்பரும் இருந்த ரிஜிஸ்டர் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

“அந்தம்மாவத்தான் மதுரைக்கு அனுப்பியாச்சுல்ல? அங்க பாத்துக்கிருவாங்க. நீங்க ஏன் கெளர்றீங்க?”

இந்தப் பதிலுக்காக அவரை எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அவ்வளவு நிம்மதியாகவும் இருந்தது. என் சீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்னார், நான் கேட்டேன், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஆள் சொன்னதை அதற்கு முன்னால் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

தை பிறந்து பத்து நாளில் அவளே வந்தாள். டாக்டர் இல்லாத ஒரு வியாழக்கிழமை. பழைய எக்கோ படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சப்பைக்குள் வைத்திருந்தாள்.

“மதுரைக்குக் கூட்டிட்டுப் போக ஆளு இல்ல டாக்டரம்மா. ஓட்டை பெருசாயிருச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

நான் டாக்டர் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டிருந்தேன். கேட்க நன்றாக இருந்ததுதான் காரணம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். எக்கோவுக்கு அப்படித்தான் படுக்க வேண்டும். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே தயங்கினாள்.

“என்ன?”

“மூணு மாசமா அந்தப் பக்கம் படுக்குறதில்ல. ரத்தம் ஓட்டை வழியா வடிஞ்சிருமோன்னு. உக்காந்துக்கிட்டேதான் தூங்குறது.”

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாததால் ஜெல் பாட்டிலை அளவுக்கு மேல் அழுத்தினேன். அவளை மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தேன். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு போயின. சுவர் முழுதாக நின்றது. விலாவுக்குக் கீழே அழுத்தியும் பார்த்தேன், அன்று செய்யாத ஐந்து நிமிட வேலையை. மேலிருந்து கீழ் வரை முழுச் சுவர்.

“ஓட்டை இல்லம்மா.”

“அடைஞ்சிருச்சா?”

“மொதல்லயே இல்ல.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சில் ஜெல் வழிந்துகொண்டிருந்தது.

“அப்ப அன்னைக்கி நீங்க காட்டுனது?”

“மெஷின்ல கோளாறு.”

மெஷின் என்றுதான் சொன்னேன். அவள் மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னைக்கி மெஷின் நல்லாருக்குன்னு யாரு சொன்னது? அன்னைக்கி இல்லாத ஓட்டையக் காட்டுச்சு. இன்னைக்கி இருக்குற ஓட்டைய மறைக்கலன்னு எப்புடி நம்புறது?”

கூட்டிவிட்டால் இல்லாத சுவர் முளைக்கும். எத்தனை பேருக்கு நான் பெருமையாகச் சொன்ன பாடம். பள்ளிக்கூடம் தாண்டாதவள், படமே பார்க்கத் தெரியாதவள், அதை எனக்குத் திருப்பிச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன்.

அவளுக்குக் குமிழிச் சோதனை செய்யச் சொன்னதற்கு டாக்டர் முதலில் மசியவில்லை. “நான் சந்தேகம்னுதானே எழுதியிருக்கேன்?” என்றார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒன்றாக வைத்து, அவர் வேலை பார்க்கும் மதுரை ஆஸ்பத்திரிக்கே அந்த அம்மாவைக் கூட்டிப்போவேன் என்றேன். நண்டுக் கடை மூடிவிடும் என்ற கவலையும் இருந்திருக்கும், ஒப்புக்கொண்டார். கொஞ்சம் சலைன் நீரை இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே முன்னும் பின்னும் அடித்து நுரைக்கவைத்து, கை நரம்பில் ஏற்றும் சோதனை அது. நுரை இதயத்தின் வலது பக்கம் வந்து நிரம்பும். சுவரில் ஓட்டை இருந்தால் குமிழிகள் இடது பக்கம் தாண்டும். இல்லையென்றால் தாண்டாது.

“மூச்சை அடக்கி முக்குங்க,” என்றார் டாக்டர்.

அடக்கினாள். பாசிக்காரி மூச்சை அடக்கினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் முகம்தான் வெளிறியது. “போதும், விடுங்க, விடுங்கம்மா!” என்றார். அவள் நிதானமாக விட்டாள். திரையை அவள் பக்கம் திருப்பிவைத்திருந்தேன். வலது அறைகள் வெள்ளையாகக் கொப்பளித்தன. இடது பக்கம் கன்னங்கரேலென்று கிடந்தது. ஒரு குமிழிகூட தாண்டவில்லை. வேறு எதையும் நம்பாதவள் அதை நம்பினாள். தண்ணீருக்கடியில் குமிழி எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று பார்த்தே பழகியவள்.

“தாண்டல,” என்றாள்.

டாக்டர் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். ரத்தசோகை. படபடப்புக்கும் அதுதான், நெஞ்சில் கேட்ட சத்தத்துக்கும் அதுதான். இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அன்றைக்கே கண்ணைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு எங்கள் இருவரிடமும் மெஷின் இருந்தது, அதனால் கண்ணைப் பார்க்கவில்லை.

புது ரிப்போர்ட்டை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“இதக் கொண்டுபோயி நான் என்ன செய்ய? ஓட்டைன்னு வாயால சொன்னத நம்பித்தான் என்னைய செட்டுல இருந்து எறக்கிவிட்டாளுக. தண்ணிக்குள்ள எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மொத்தப் பேரையும் அதிகாரிக கரையில உக்கார வச்சிருவாகன்னு பயம். நீங்க வந்து வாயால சொல்லுங்க.”

பாசி எடுக்கிற பெண்கள் செட்டாகத்தான் போவார்கள். செட்டு சேர்க்காவிட்டால் படகு இல்லை, படகு இல்லாவிட்டால் கடல் இல்லை. அமாவாசையை ஒட்டித் தொழிலுக்குப் போகும் நாளில் விடியற்காலை பஸ் பிடித்துப் பாம்பனுக்குப் போனேன். கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் ஆள் கொஞ்சம் தள்ளி, கண்ணாடியும் சாக்கும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். செட்டின் தலைவி தாட்டியான பெண்மணி. என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“ஓட்டை இல்லைங்கிறது நெசமா?”

“நிசம்.”

“அப்ப ஓட்டைன்னு ஏன் சொன்னீக?”

மெஷின் கோளாறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அந்த மூன்று மாதம் உட்கார்ந்துகொண்டு தூங்கியவள்.

“ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வச்சேன். சந்தனம் பட்டனுக்குள்ள எறங்கி அடைச்சிருச்சு. படம் இருட்டா வந்துச்சு. கோளாறு என் கையிலதான்.”

 முதலில் ஒருத்தி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். “சந்தனத்த வச்சு நெஞ்சுல ஓட்டை போட்டுட்டாகளேடி!” என்று ஒருத்தி கத்தினாள். ஊரில் இருக்கிற எல்லோரையும் பார்த்து நான் மனதுக்குள் சிரித்த சிரிப்பையெல்லாம் மொத்தமாகத் திருப்பி வாங்கிக்கொண்டு நின்றேன். தலைவி சிரிக்கவில்லை. என் ஆளைப் பார்த்து, “ஏறுடி,” என்றாள். அவள் சாக்கை உள்ளே எறிந்துவிட்டு ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

படகைத் தள்ளுவதற்கு முன் தலைவி என்னிடம் வந்தாள்.

“அந்த இருட்டுல இவ ஒருத்தியத்தான் பாத்தீகளா? மத்தவுகளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்புனீகள்ல, அவுகள்ட்ட யாரு போயிச் சொன்னது?”

“எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றேன்.

ஒருவரைக்கூடக் கூப்பிட்டிருக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக அந்த ரிஜிஸ்டர் பக்கங்கள் என் போனில், பட்டன்களுக்குப் பொட்டு வைத்து எடுத்த படத்துக்குச் சில படங்கள் தள்ளிக் கிடந்தன. இருட்டில் இல்லாத ஓட்டை தெரிந்தது ஒருத்திக்குத்தான். இருக்கிற நோய் தெரியாமல்போனது எத்தனை பேருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் இருக்க முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பஸ் பாலத்தில் ஏறியபோது முதல் நம்பரை அடித்தேன். தங்கச்சிமடத்துக்காரர், அறுபது வயதுக்கு மேல். ‘நார்மல்’ என்று என் கையாலேயே டைப் செய்தது நினைவிருந்தது. போனில் அவர் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. ஸ்கேன் சென்டரிலிருந்து பேசுவதாகச் சொன்னேன். இன்னொரு தடவை எக்கோ எடுக்க வேண்டும், காசு எதுவும் வேண்டாம் என்றேன்.

“எதுக்கும்மா? எல்லாம் நல்லாருக்குன்னு நீங்கதான சொன்னீக? அத நம்பித்தான நான் மறுபடி போட்டுல போயிக்கிட்டு இருக்கேன்.”



“போட்டுல ஏற வேணாம் அய்யா,” என்றேன். “இன்னைக்கே வாங்க.”